எந்த வோல்ட்டை நம்புவது?

மேசைக் கணினியில் செயலியின் நிலையைக் காட்டும் மென்பொருள் ஒன்றைத் திறந்து பாருங்கள். சிபியு-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ என்று இலவசமாகவே பல கிடைக்கின்றன. கணினி சும்மா இருக்கும்போது செயலியின் மின்னழுத்தம் 1.4 வோல்ட் என்று அது காட்டலாம். இப்போது ஒரு நீண்ட காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலையைக் கொடுங்கள். மின்விசிறி இரைகிறது, வெப்பநிலை ஏறுகிறது. மின்னழுத்தமும் ஏறியிருக்கும் என்று நினைப்போம். ஆனால் அது 1.2-க்கு இறங்கியிருக்கிறது. அதே மென்பொருளில் சற்றுத் தள்ளி விஐடி என்ற வரி 1.35 என்கிறது. கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸில் நீங்கள் கைப்பட எழுதி வைத்ததோ 1.3.

இதைப் பார்த்ததும் பலரும் கேட்கும் கேள்வி, ‘என் செயலிக்குப் பாதுகாப்பான மின்னழுத்தம் எவ்வளவு?’ என்பது. 1.35-ஐத் தாண்டாதே என்பார் ஒருவர். 1.4 வரை பயமில்லை என்பார் இன்னொருவர். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியே பாதியில் நிற்கிறது. எந்த இடத்தில் அளந்த வோல்ட், எந்தக் கணத்தில் அளந்தது, அப்போது எத்தனை ஆம்பியர் ஓடியது, எவ்வளவு சூடு, இப்படி எத்தனை நாள் ஓடப் போகிறது? இவ்வளவும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லோ வோல்டேஜ் தெரியாத தமிழர் இருக்க முடியாது. சாயங்காலம் தெருவில் நாலு வீட்டில் மோட்டார் போட்டால் நம் வீட்டு டியூப்லைட் கண் சிமிட்டும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டில் அவ்வளவு பாதிப்பு இருக்காது. கம்பியின் கடைசியில் இருக்கும் வீட்டுக்குத்தான் திண்டாட்டம். காரணம் எளிது. கம்பிக்குக் கொஞ்சம் மின்தடை உண்டு. அதில் மின்னோட்டம் அதிகமாக அதிகமாக, வழியிலேயே இழக்கும் மின்னழுத்தமும் அதிகமாகிறது.

கணினிக்குள்ளும் இதே தெரு இருக்கிறது. மின்வழங்கிப் பெட்டி தாய்ப்பலகைக்கு 12 வோல்ட் அனுப்புகிறது. செயலிக்கு அவ்வளவு ஆகாது. அதனால் செயலியைச் சுற்றி வரிசையாக நிற்கும் சிறு சுருள்களும் மின்தேக்கிகளும் நிலைமாற்றிகளும் சேர்ந்து அதை ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலாகக் குறைத்துக் கொடுக்கின்றன. இந்த ஏற்பாட்டை மின்னழுத்த ஒழுங்கி என்று சொல்லலாம். வீட்டு ஸ்டெபிலைசரின் தூரத்து உறவுதான், ஆனால் நொடிக்குப் பல லட்சம் முறை தன்னைச் சரிசெய்துகொள்ளும் உறவு.

வோல்ட் சிறியது என்பதால் மின்னோட்டமும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. இன்டெலின் கோர் ஐ9-13900கே செயலி முழு வேகத்தில் 253 வாட் வரை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. 1.2 வோல்ட்டில் 250 வாட் வேண்டுமானால் 200 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். சமையலறையில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு இழுப்பது 9 ஆம்பியருக்கும் குறைவு. உள்ளங்கையில் பாதி இடம்கூடப் பிடிக்காத ஒரு செவ்வகத்துக்குள் இருபது அடுப்புகளுக்கான மின்னோட்டம் பாய்கிறது. இந்த அளவில் வழியில் உள்ள தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்தாலும் 0.2 வோல்ட் காணாமல் போய்விடும்.

சுமை ஏறும்போது எண் இறங்குவதன் முதல் காரணம் இது. ஆனால் ஒழுங்கி நினைத்தால் இந்த இழப்பை ஈடுகட்டிவிட முடியும், கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் போதும். அப்படியிருந்தும் வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே இறங்க விடுகிறார்கள். எத்தனை ஆம்பியருக்கு எவ்வளவு இறங்கலாம் என்று வரையறுக்கும் விதிக்குச் சுமைக்கோடு என்று பெயர் வைத்துக்கொள்வோம். 13900கே போன்ற செயலிகளுக்கு இன்டெல் குறித்திருக்கும் சுமைக்கோடு 1.1 மில்லிஓம். 200 ஆம்பியர் ஓடினால் 0.22 வோல்ட் இறக்கம் என்று பொருள். சும்மா இருக்கையில் 1.4 காட்டியது சுமையில் 1.18-க்கு வந்தால் பழுது ஒன்றுமில்லை. வரைபடத்தில் எழுதியபடிதான் நடக்கிறது.

எதற்காக இந்த இறக்கம்? மேல்நிலைத் தொட்டியிலிருந்து வேகமாக வரும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்திப் பாருங்கள். குழாய் ‘டொம்’ என்று அதிரும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நிற்க இடமில்லாமல் முட்டி, ஒரு கணம் அழுத்தத்தை எகிறச் செய்கிறது. ஒழுங்கியின் சுருள்களில் ஓடும் மின்னோட்டத்துக்கும் இந்தக் குணம் உண்டு. நினைத்த மாத்திரத்தில் அதை நிறுத்த முடியாது. செயலி 200 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்துவிட்டு, வேலை முடிந்து திடீரென 20-க்கு வந்தால், வந்துகொண்டிருக்கும் மின்னோட்டம் மின்தேக்கிகளில் போய் முட்டி மின்னழுத்தத்தை எகிறச் செய்யும். சுமையில் முன்கூட்டியே தாழ்ந்து நின்றிருந்தால் அந்த எகிறலும் வரம்புக்குள் அடங்கும்.

பயாஸில் இந்த இறக்கத்தைக் குறைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. எல்எல்சி என்ற சுருக்கப் பெயரில், ஒன்று, இரண்டு என்று படிப்படியாகவோ, ‘மீடியம்’, ‘ஹை’ என்றோ இருக்கும். செயலியைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட விரும்புவோர் இதை உச்சத்தில் வைத்து, திரையில் எண் ஆடாமல் அசையாமல் நிற்பதைக் கண்டு மகிழ்வார்கள். அந்த மகிழ்ச்சியில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மென்பொருள் நொடிக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் எட்டிப் பார்க்கிறது. எகிறல் வந்து போவது மைக்ரோ விநாடிகளில். இரவு முழுக்கத் தூங்கிவிட்டு, காலையில் வாசலைப் பார்த்து ‘யாரும் வரவில்லை’ என்று சொல்வது போன்றது அந்த அசையாத எண். எகிறலைக் காண ஆசிலோஸ்கோப் எனப்படும் அலைவுகாட்டியைச் செயலியின் பின்புறத்தில் தொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். அப்படி அளந்தவர்கள் வழியாகத்தான் இதை நாம் அறிந்தோம். அதனால் எல்எல்சியை உச்சத்தில் வைக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. நடுவில் ஒரு நிலை போதும், தொடாமல் விட்டால் இன்னும் நல்லது.

இனி அளவீட்டுக்கு வருவோம். திரையில் தெரியும் எண்ணை அளப்பது யார்? பெரும்பாலான தாய்ப்பலகைகளில் நுவோட்டன் அல்லது ஐடிஇ நிறுவனத்தின் சிறு சில்லு ஒன்று விசிறி வேகம், வெப்பநிலை ஆகியவற்றோடு மின்னழுத்தத்தையும் பார்த்துக்கொள்கிறது. அதற்கான கம்பி எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதில்தான் சூட்சுமம். டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் அளந்தால் 230. கடைசி வீட்டில் அளந்தால் 200. இரண்டும் உண்மை. பல பலகைகளில் கம்பி செயலி அமரும் பீடத்தின் அருகிலிருந்து வருகிறது. அங்கிருந்து செயலியின் சிலிக்கான் வரை இன்னும் கொஞ்சம் வழி இருக்கிறது, அங்கும் இழப்பு உண்டு. ஆகவே சுமையின்போது திரையில் தெரியும் எண், சிலிக்கானுக்குக் கிடைப்பதைவிட அதிகமாக இருக்கும். விலை கூடிய சில பலகைகளில் மட்டும் செயலியின் உள்ளிருந்தே தனி மெல்லிய கம்பி வழியே அளக்கிறார்கள். அந்தக் கம்பியில் மின்னோட்டம் ஏறத்தாழ ஓடுவதே இல்லை என்பதால் அதில் இழப்பும் இல்லை. ஆக, இரண்டு நண்பர்கள் தங்கள் கணினிகளின் எண்களை ஒப்பிட்டு வாதாடும்போது, ஒருவர் கம்பத்தடியிலும் மற்றவர் கடைசி வீட்டிலும் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருக்கலாம்.

இந்தச் சில்லுகளின் அளவுகோலும் பொடிசானது அல்ல. 8 மில்லிவோல்ட் போன்ற படிகளில்தான் பல சில்லுகள் எண்ணுகின்றன. எண் 1.200, 1.208, 1.216 என்று தத்தித் தத்திப் போனால் அது கோலின் கோடுகள்தான், மின்சாரத்தின் தடுமாற்றம் இல்லை. இன்னொன்றும் நடக்கும். இந்தச் சில்லால் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் நேராக அளக்க முடியாது. 12 வோல்ட் இணைப்பைத் தடைகளால் பங்கிட்டுச் சிறிதாக்கித்தான் அதற்குக் காட்டுகிறார்கள். பங்கு விகிதம் பலகைக்குப் பலகை மாறும். உங்கள் பலகையின் விகிதம் மென்பொருளுக்குத் தெரியாவிட்டால் 12 வோல்ட் இடத்தில் 8 என்றோ 2 என்றோ ஏதோ ஒன்று வரும். உண்மையிலேயே 8 வோல்ட்தான் வந்திருந்தால் கணினி எழுந்தே இருக்காது. பயப்படாமல் பயாஸ் காட்டும் எண்ணைப் பாருங்கள், அல்லது மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருந்தால் சரி, 5 சதவீத ஏற்ற இறக்கத்துக்கு மின்வழங்கி விதிமுறையே இடம் தருகிறது.

அப்படியானால் விஐடி என்ற வரி? அது அளவே கிடையாது, விண்ணப்பம். ‘இந்த வேகத்தில் ஓட எனக்கு இவ்வளவு வேண்டும்’ என்று செயலி ஒழுங்கியிடம் கேட்கும் தொகை. கேட்பு என்று அழைப்போம். ஒவ்வொரு செயலியும் ஆலையிலேயே சோதிக்கப்பட்டு, எந்த வேகத்துக்கு எவ்வளவு தேவை என்ற பட்டியலைத் தன்னுள் சுமந்துகொண்டு வருகிறது. ஒரே மாதிரியில் வந்த இரண்டு செயலிகளின் பட்டியல்கூட ஒத்திருக்காது. கேட்டதும் கிடைத்ததும் வேறுபடுவது கணினியிலும் இயல்பு. கேட்பையும் மின்னோட்டத்தையும் பெருக்கித்தான் செயலி தன் வாட் கணக்கைச் சொல்கிறது. பலகை தயாரிப்பாளர் சுமைக்கோட்டின் மதிப்பைத் தவறாகப் பதிந்திருந்தால் மென்பொருள் காட்டும் வாட் எண்ணும் பொய்யாகிவிடும்.

சும்மா இருக்கும்போது ஏன் 1.4 என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. வேகம் கூடக் கூட மின்னழுத்தமும் கூட வேண்டும். செயலிக்குள் இருக்கும் கோர்கள், அதாவது கருக்கள், எல்லாமே உழைக்கும்போது செயலி நடுத்தர வேகத்தில்தான் ஓடுகிறது. ஒரே ஒரு கரு, ஒரு சிறு வேலைக்காக எழும்போது அதை உச்ச வேகத்துக்கு விரட்டி, சட்டென்று முடித்துவிட்டுத் தூங்கப் போகச் சொல்கிறார்கள். அந்த ஓட்டத்துக்கு அதிக வோல்ட் வேண்டும், ஆனால் ஆம்பியர் மிகக் குறைவு. 2019-ல் ஏஎம்டியின் ரைசன் 3000 வரிசை வந்தபோது, ஓய்விலும் 1.4-க்கு மேல் காட்டுகிறதே என்று உலகம் முழுக்க வாங்கியவர்கள் பதறினார்கள். நிறுவனம் தந்த விளக்கம் வியப்பானது. கண்காணிக்கும் மென்பொருளே அடிக்கடி கருக்களைத் தட்டி எழுப்பி ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்கிறது. எழுந்த கரு உச்ச வேகத்துக்குப் பாய்கிறது. பாய்ந்த கணத்தில் மென்பொருள் அளக்கிறது. தூங்கும் குழந்தையை உலுக்கிவிட்டு, குழந்தை தூங்கவே இல்லை என்று எழுதிக்கொள்வதுபோல.

இவ்வளவும் அளவின் கதை. வோல்ட் கூடினால் உண்மையில் என்ன கெடும்?

முதலாவது சூடு. மின்னழுத்தத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் வேகம் மாறாமலே வெப்பம் சுமார் 21 சதவீதம் கூடும், ஏனென்றால் அது மின்னழுத்தத்தின் இருமடியோடு வளர்கிறது. 1971-ல் வந்த இன்டெல் 4004 சில்லு 15 வோல்ட்டில் ஓடியது, அதில் 2300 டிரான்சிஸ்டர்கள்தான். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால் சூடு கட்டுக்குள் நிற்கும் என்று 1974-ல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் குழுவினர் காட்டினார்கள். அதன்பின் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இறங்கி, ஒரு வோல்ட்டை நெருங்கியதும் இறக்கம் ஏறத்தாழ நின்றுவிட்டது. அதற்குக் கீழே போனால் டிரான்சிஸ்டரை முழுமையாக அணைக்க முடியாமல் மின்சாரம் கசிகிறது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத தேய்மானம். டிரான்சிஸ்டரின் கேட் எனப்படும் கதவுக்குக் கீழே மின்காப்புப் படலம் ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் ஓரிரு நானோமீட்டர், சில அணுக்களின் அடுக்கு. 2 நானோமீட்டருக்குக் குறுக்கே 1.2 வோல்ட் என்றால் மீட்டருக்கு 60 கோடி வோல்ட். காற்றைக் கிழித்து மின்னல்போல் பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். அதைப்போல 200 மடங்கு நெருக்கடியை அந்தப் படலம் ஓயாமல் தாங்குகிறது. ‘வெறும் 0.1 வோல்ட்தானே கூட்டினேன்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். நெருக்கடி கூடும்போது படலத்தில் சிறு குறைகள் தோன்றிச் சேருகின்றன. இன்னொரு பக்கம், மெல்லிய உலோகக் கம்பிகளில் பாயும் எலக்ட்ரான்கள் ஆற்று வெள்ளம் மணலை அரிப்பதுபோல் உலோக அணுக்களையே நகர்த்துகின்றன. மின்புலப்பெயர்வு என்று இதைச் சொல்லலாம். மோட்டரோலாவில் பணிபுரிந்த ஜேம்ஸ் பிளாக், மின்னோட்டச் செறிவும் வெப்பமும் கூடினால் கம்பியின் ஆயுள் எப்படிக் குறையும் என்பதற்கு 1960களின் இறுதியில் ஒரு சூத்திரமே தந்தார்.

பத்து ஆண்டு நீடிக்குமா என்று அறியப் பத்து ஆண்டு காத்திருக்க முடியாது. சில்லுகளை 125 டிகிரி சூட்டில், வழக்கத்தைவிடக் கூடிய மின்னழுத்தத்தில் 1000 மணி நேரம் ஓட்டி வதைத்து, எத்தனை பிழைக்கின்றன என்று பார்த்துப் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதை 2024 காட்டியது.

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைச் செயலிகள், குறிப்பாக 13900கே, 14900கே வைத்திருந்தவர்களுக்கு விளையாட்டுகள் பாதியில் நின்றன. திரையில் வந்த செய்தி, ‘வரைகலை நினைவகம் போதவில்லை’. பாவம், பலர் வரைகலை அட்டையைச் சந்தேகித்தார்கள். அட்டைகளில் குறை இல்லை. விளையாட்டுகள் தங்கள் கோப்புகளைச் சுருக்கி வைத்திருக்கும், திறக்கும்போது செயலி அவற்றை விரிக்க வேண்டும். அந்த விரிப்புக் கணக்கில் செயலி பிழை செய்தது, பிழை வேறு பெயரில் வெளிப்பட்டது. சுருக்கும் மென்பொருளை எழுதிய ராட் கேம் டூல்ஸ் நிறுவனம், தங்கள் நிரலில் குறையில்லை, செயலியைப் பாருங்கள் என்றது. முதலில் பழி தாய்ப்பலகைகள்மேல் விழுந்தது. மின் வரம்புகளை அவை தளர்த்தி வைத்திருந்தது உண்மைதான். ஆனால் 2024 ஜூலையில் லெவல்ஒன்டெக்ஸ் என்ற யூடியூப் அலைவரிசை, விளையாட்டு நிறுவனங்களின் கோளாறுப் பதிவுகளை அலசியதோடு, கட்டுப்பாடான அமைப்புகள் கொண்ட சர்வர் பலகைகளிலும் இதே செயலிகள் தடுமாறுவதைக் காட்டியது. சந்தேகம் செயலியின் பக்கமே திரும்பியது.

செப்டம்பரில் இன்டெல் மூல காரணத்தை வெளியிட்டது. கருவுக்குள் தாளம் தட்டும் கடிகாரச் சுற்று, அதிக மின்னழுத்தத்திலும் சூட்டிலும் சீக்கிரம் மூப்படைந்தது. பழைய மோட்டார் கிளம்பக் கூடுதல் வோல்ட் கேட்பதுபோல், பிழையில்லாமல் ஓடச் செயலிக்குத் தேவைப்படும் குறைந்தபட்ச மின்னழுத்தம், அதாவது அடிவரம்பு, நாளாக ஆக மேலே நகர்ந்தது. பட்டியலில் எழுதியிருந்த கேட்பு போதாமல் போயிற்று. அந்த அதிக மின்னழுத்தத்தைக் கேட்டது யார்? பயனர் எதையும் தொடாதபோதும், செயலிக்குள் இருக்கும் நுண்நிரல்தான், அதுவும் ஓய்விலும் லேசான வேலையிலும். பல மணி நேரச் சுமைச் சோதனையில் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்தவர்களுக்குத் தெரியாத நேரத்தில் தேய்மானம் நடந்திருக்கிறது. 0எக்ஸ்129 என்ற நுண்நிரல் கேட்பை 1.55 வோல்ட்டுக்குள் கட்டியது. 0எக்ஸ்12பி ஓய்வு நேரக் கேட்பையும் அடக்கியது. நாள்கணக்கில் லேசான வேலையில் அணையாமல் ஓடும் கணினிகளுக்காக 2025 மே மாதத்தில் 0எக்ஸ்12எஃப் வந்தது.

இதே குறிப்பேட்டில் ஏஎம்டியின் 2023 நிகழ்வையும் எழுதிக்கொள்ள வேண்டும். ரைசன் 7000 வரிசையில், முக்கியமாக எக்ஸ்3டி மாதிரிகளில், சில செயலிகள் பீடத்தோடு கருகின. அங்கே நினைவகத்தை வேகப்படுத்தும் ஆயத்த அமைப்பை ஒரே சொடுக்கில் இயக்கியபோது, கரு அல்லாத எஸ்ஓசி என்ற பகுதியின் மின்னழுத்தத்தைச் சில பலகைகள் சத்தமில்லாமல் ஏற்றிவிட்டன. ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டில் நிறுத்தியது. நாம் ஓர் எண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வரியில் இன்னொன்று ஏறியிருக்கலாம்.

தயாரிப்பாளரின் ஆவணத்தில் வரம்பு இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 13ஆம் தலைமுறை ஆவணத்தில் 1.72 வோல்ட் வரை காணலாம். அது கேட்பு எட்டக்கூடிய எல்லை. அங்கேயே வைத்து ஓட்டலாம் என்ற அனுமதி அதில் இல்லை. காரின் வேகமானியில் 180 என்று அச்சடித்திருப்பதால் யாரும் 180-ல் போவதில்லை.

கணினி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். கருவின் மின்னழுத்தத்தைக் கையால் ஒரே எண்ணில் கட்டிவைக்காதீர்கள், செயலியே கேட்டுப் பெறட்டும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கேட்பிலிருந்து சிறிது கழிக்கும் அமைப்பைப் பயன்படுத்துங்கள். அதிகம் கழித்துவிட்டால் கணினி உறையும், மறுபடி தொடங்கும். சேமிக்காத வேலை போகலாம், செயலி போகாது. எண்ணைப் பார்க்கும்போது ஓய்வில் ஒன்று, ஒற்றைக் கரு வேலையில் ஒன்று, முழுச் சுமையில் ஒன்று என்று மூன்றையும் வெப்பநிலையோடு குறித்து வையுங்கள். சில மாதம் கழித்து ஒப்பிட அது உதவும்.

உங்களிடம் இருப்பது 13 அல்லது 14ஆம் தலைமுறை கே வகைச் செயலி என்றால் இன்றே பயாஸில் நுண்நிரலின் எண்ணைப் பாருங்கள். பழையதாக இருந்தால் பலகை தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பித்துக்கொள்ளுங்கள். புதிய நுண்நிரல் இனி வரும் தேய்மானத்தைத் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததை மீட்காது. விளையாட்டுகள் அப்போதும் நின்றால் வாங்கிய ரசீதைத் தேடி எடுங்கள். பாதிக்கப்பட்ட பெட்டிச் செயலிகளுக்கான உத்தரவாதத்தை இன்டெல் 2024 ஆகஸ்டில் இரண்டு ஆண்டுகள் நீட்டித்திருக்கிறது. மூன்றாக இருந்தது இப்போது ஐந்து.